பட்டாக்கத்தியும் பர்த்டே கேக்கும்: சினிமா பார்த்துத்தான் வன்முறை வருதா?

[திரையில்: ஆடுற செல்போன் வீடியோ. நீளமான பட்டாக்கத்தி. அதுக்குக் கீழே கிரீம் கேக், ஓரத்துல ரெண்டு மெழுகுவர்த்தி.]

2018 பிப்ரவரி. பூந்தமல்லி பக்கம் மலையம்பாக்கம். ஒரு ரவுடியோட பிறந்தநாளுக்கு ஊர்ல இருக்கிற கூட்டாளிங்க எல்லாம் வந்திருக்காங்க. கேக் வெட்ட எடுத்தது பட்டாக்கத்தி. போலீஸ் சுத்தி வளைச்சு, ஒரே ராத்திரியில எழுபதுக்கும் மேல ஆளுங்களைப் பிடிச்சாங்க. அவ்வளவு பெரிய வேட்டை. ஆனா ஜனங்க மனசுல நின்னது அந்தக் கேக்தான். அதுக்கப்புறம் "பட்டாக்கத்தியால் கேக் வெட்டிய வாலிபர்கள் கைது"ங்கிற செய்தி நம்ம பேப்பர்ல ராசிபலன் மாதிரி ஆயிடுச்சு.

இப்படி மாட்டுன எல்லாருமே ரவுடி கிடையாது. கேக்கைத் தவிர எதையும் வெட்டாத பசங்களும் இருந்தாங்க. அப்புறம் எதுக்குக் கத்தி? வீடியோ எடுக்க. அதைப் பார்த்துட்டு நாலு பேர் "கெத்து"ன்னு சொல்ல.

"படம் பார்த்துத்தான் பசங்க கெட்டுப் போறாங்க"ன்னு டீக்கடையில ஒருத்தர் ஆரம்பிப்பார். "நாங்களும் அந்தக் காலத்துல சண்டைப் படம் பார்த்தோமே, யாரை வெட்டினோம்"னு இன்னொருத்தர் முடிச்சு வைப்பார். ரெண்டு பேருமே கைதட்டுறவனைக் கணக்குல சேர்க்கல. நான் இன்னைக்கு அவனைப் பத்தித்தான் பேசப்போறேன்.

[திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். காத்தடிச்ச பொம்மை, தள்ளினா திரும்ப எழுந்து நிக்குது.]

இது போபோ பொம்மை. 1961, அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, நர்சரி வயசுக் குழந்தைங்க கண் முன்னாடி ஒரு பெரியவரை விட்டு இந்தப் பொம்மையைக் குத்தி, சுத்தியலால அடிச்சு, உதைக்க வெச்சார். அப்புறம் குழந்தைங்களை அதே மாதிரி பொம்மை இருக்கிற ரூமுக்கு அனுப்பினா, பல பேர் அச்சு அசலா அதையே செஞ்சாங்க. 1963-ல நேர்ல காட்டாம ஃபிலிம்ல காட்டியும் பார்த்தார். அப்பவும் அதேதான்.

"குழந்தைங்க பார்த்ததைச் செய்யும், அதனால டிவியை நிறுத்து"ன்னு நிறைய வீடியோ இந்த இடத்தோட நின்னுடும். ஆனா எனக்குப் பெரிசாத் தெரியறது 1965-ல அவர் செஞ்ச சோதனை. அதுல படத்தோட கடைசிக் காட்சியை மாத்தி மாத்திக் காட்டினார். ஒண்ணுல பொம்மையை அடிச்சவருக்குப் பாராட்டு, மிட்டாய், கூல்டிரிங்க். இன்னொண்ணுல திட்டும் அடியும். மூணாவதுல நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. அடி வாங்குனதைப் பார்த்த குழந்தைங்க ரொம்பக் குறைவாத்தான் காப்பியடிச்சாங்க. சரி, அதுங்க எதுவும் கத்துக்கலையா? அடுத்து, "அவர் என்ன செஞ்சார்னு செஞ்சு காட்டு, ஸ்டிக்கரும் ஜூஸும் தர்றேன்"னு சொன்னாங்க. மூணு குழுவுமே கிட்டத்தட்ட ஒரே அளவுக்குச் செஞ்சு காட்டுச்சு. பார்த்த எல்லாமே மண்டைக்குள்ள இருந்திருக்கு. எது வெளிய வரும்ங்கிறதைத்தான் அந்தக் கடைசிக் காட்சி முடிவு பண்ணியிருக்கு.

இதை அப்படியே கோடம்பாக்கத்துக்குக் கொண்டு வாங்க.

[திரையில்: பஸ் ஸ்டாப். ஒரு பொண்ணு. பத்தடி பின்னாடி ஒரு பையன்.]

ஹீரோ பொண்ணு பின்னாடியே போறான். காலேஜ் வாசல், பஸ், கோயில், அவங்க வீட்டுத் தெரு. முதல்ல முறைக்கிறா, அப்புறம் திட்டுறா, ஒரு அறையும் விடுறா. கூட இருக்கிற காமெடியன் "மச்சி, ஒர்க் அவுட் ஆகுது"ங்கிறான். இடைவேளைக்குப் பத்து நிமிஷம் முன்னாடி மழை வருது, அவ சிரிக்கிறா, டூயட். பண்டூரா கொடுத்த மிட்டாயும் கூல்டிரிங்கும் இங்க டூயட்டா வருது. எத்தனை படத்துல இதைப் பார்த்திருப்போம்னு நீங்களே எண்ணிக்கோங்க. எனக்கு அந்தப் பாட்டெல்லாம் பிடிக்கும், இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்கேன். அது வேற விஷயம்.

2016 ஜூன்ல நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்துல காலை நேரத்துல ஒரு இளம்பெண்ணை வெட்டிக் கொன்னாங்க. பின்தொடர்ந்து வந்த ஆள்தான் செஞ்சான்னு போலீஸ் சொல்லுச்சு. தமிழ் சினிமாவுல வர்ற "துரத்தித் துரத்திக் காதல்" மேல அப்போதான் ஊரே கேள்வி கேட்டது. ஆனா கைதானவர் வழக்கு விசாரணைக்கு வர்றதுக்கு முன்னாடியே புழல் சிறையில இறந்துட்டார். அவர் மனசுல எந்தப் படம் ஓடுச்சுன்னு சொல்ல யாராலயும் முடியாது. அதனால "இந்தப் படம்தான் அந்தக் கொலை"ன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா இதைச் சொல்லுவேன். 1998-ல இதே சென்னையில ஒரு கல்லூரி மாணவி இறந்த பிறகுதான் தமிழ்நாட்டுக்கு ஈவ் டீசிங் தடைச் சட்டமே வந்தது. ஒரு பெண்ணை விடாமப் பின்தொடர்றது தனிக் குற்றம்னு இந்தியத் தண்டனைச் சட்டத்துல, 354-டி பிரிவா ஏறினது 2013-ல. அதுவரைக்கும் சட்டப் புத்தகமே பெருசா எழுதாத ஒரு தப்பை, தியேட்டர் காதல்னு சொல்லிக் கொடுத்துட்டு இருந்தது. பின்னாடி போற ஆயிரம் பேர்ல கொலைகாரன் ஒருத்தன்கூட இல்லாம போகலாம். அந்த ஆயிரம் பேருக்குப் பயந்து பஸ் ரூட்டை மாத்திக்கிட்ட பொண்ணுங்க கணக்கு எந்தக் குற்றப் பதிவேட்டுலயும் ஏறாது.

[திரையில்: தியேட்டர் வாசல். செகண்ட் ஷோ கூட்டம்.]

சரி, அடிதடிப் படம் வந்தா ஊர்ல அடிதடி கூடுதா? இங்கதான் கதை வேற மாதிரி போகுது. கோர்டன் டால், ஸ்டெஃபனோ டெல்லவிக்னான்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் 1995-லேர்ந்து 2004 வரைக்கும் அமெரிக்காவுல வந்த படங்களையும், அந்தந்த நாள் பதிவான அடிதடி வழக்குகளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. வன்முறைப் படத்துக்குக் கூட்டம் அலைமோதின நாள்ல அடிதடி குறைஞ்சிருந்தது. ஏன்னா சண்டைக்கு அலையுற இளவட்டம் அந்த மூணு மணி நேரமும் ஸ்க்ரீன் முன்னாடி உட்கார்ந்திருக்கு, குடிக்கப் போகல. நம்ம ஊர் பாஷையில, செகண்ட் ஷோ போனவன் டாஸ்மாக் பார்ல இல்ல. ஆனா இது அன்னைக்கு ராத்திரிக் கணக்கு மட்டும்தான். பத்து வருஷம் பார்த்தா மனசு என்ன ஆகும்னு இந்த ஆய்வு சொல்லாது, அதை எழுதினவங்களே அதை ஒத்துக்கிட்டாங்க.

வீடியோ கேமை வேகமாச் சொல்லிட்டுப் போறேன். 2019-ல ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் பிரிட்டன்ல சுமார் 1,000 பதின்ம வயசுப் பசங்களை எடுத்துப் பார்த்தாங்க. வன்முறை கேம் ஆடுறதுக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு கிடைக்கல. அமெரிக்க உளவியல் சங்கம் இன்னும் கொஞ்சம் மாத்திச் சொல்லுது: கத்துறது, தள்ளுறது மாதிரி சின்னச் சின்ன முரட்டுத்தனத்தோட தொடர்பு இருக்கு, ஆனா கொலை, துப்பாக்கிச் சூடு அளவுக்கு நடக்கிற வன்முறையைக் கேம் மேல போடப் போதுமான ஆதாரம் இல்லன்னு 2020-ல திரும்பவும் சொல்லுச்சு. பையன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூங்காம ஆடுறானே, அது தனிப் பஞ்சாயத்து.

இப்போ வீட்டுக்குள்ள வாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு இங்கதான் இருக்கு, அதுல தமிழ்நாடும் இருக்கு.

[திரையில்: கிராமத்து ஓட்டு வீடு. கூரை மேல கேபிள் வயர்.]

ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர். 2009-ல வந்த ஆய்வு. பீகார், கோவா, ஹரியானா, டெல்லி, தமிழ்நாடு. 2001-லேர்ந்து 2003 வரைக்கும் அதே குடும்பங்களைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருக்காங்க. அந்த இடைவெளியில சில கிராமங்களுக்குப் புதுசா கேபிள் டிவி வந்தது. கேபிள் வந்த ஊர்ல, "புருஷன் பொண்டாட்டியை அடிக்கிறது நியாயம்"னு சொன்ன பெண்கள் குறைஞ்சாங்க. ஆம்பளைப் புள்ளதான் வேணும்னு சொல்றதும் குறைஞ்சது. கடைக்கோ உறவுக்காரங்க வீட்டுக்கோ போறதுக்கு யார்கிட்ட அனுமதி கேட்கணும், வீட்டுச் செலவுல யார் பேச்சு எடுபடும், இதெல்லாம்கூட அசைஞ்சது. நாம கிண்டல் பண்ற மாமியார் மருமகள் சீரியல் ஓடுற அதே டிவிதான்!

ரொம்ப சந்தோஷப்படவும் வேணாம். இது அவங்க வாயால சொன்னது. கதவுக்குப் பின்னாடி அடி குறைஞ்சுதான்னு இது காட்டாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுலகூட, ஏதாவது ஒரு காரணத்துக்குப் புருஷன் அடிக்கிறது சரின்னு சொன்ன பெண்கள் தமிழ்நாட்டுல பாதிக்கும் மேல. 2006-லேர்ந்து அரசே இலவச கலர் டிவி கொடுத்த மாநிலம் இது. டிவிக்குக் குறைச்சல் இல்ல. அதுல ஹீரோ பளார்னு அறைஞ்சதும் "திமிர் பிடிச்ச" பொண்ணு திருந்துற காட்சிக்கும் குறைச்சல் இல்ல. அவனுக்கு அங்க விசில்தான் கிடைக்குது.

[திரையில்: ஹால். அம்மா, அப்பா, பத்து வயசுப் பையன், டிவி வெளிச்சம்.]

கடைசியா ஒண்ணு. பெத்தவங்க டிவி விஷயத்துல எப்படி நடந்துக்கறாங்க, குழந்தைங்க எப்படி மாறுறாங்கன்னு 1999-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்தது. வன்முறைக் காட்சி வரும்போது பக்கத்துல உட்கார்ந்து "இது தப்பு, நிஜத்துல இப்படி நடக்காது"ன்னு பேசுன வீட்டுக் குழந்தைங்ககிட்ட முரட்டுத்தனம் குறைவு. பார்க்க விடாம கட்டுப்பாடு வெச்ச வீட்டுலயும் குறைவு. எதுவும் சொல்லாம கூடவே உட்கார்ந்து பார்த்த வீட்டுல அதிகம். அப்பா சும்மா இருந்தா, அப்பாவுக்கு ஓகேன்னுதான் குழந்தை எடுத்துக்குது.

இப்போ யு/ஏ சான்றிதழையே 7+, 13+, 16+னு பிரிச்சுட்டாங்க. ஏ படத்துக்குக் குழந்தையைத் தூக்கிட்டுப் போனா வாசல்லயே திருப்பி அனுப்புறாங்க, நல்லதுதான். ஆனா அதே சண்டைக் காட்சி முப்பது செகண்ட் துண்டா, மாஸ் பி.ஜி.எம். போட்டு, பையன் கையில இருக்கிற போனுக்கு வந்துடுது. அங்க டிக்கெட் கிழிக்கிறவர் யாரும் நிக்கல.

உங்க வீட்டு ஹால்ல அந்த அறை விழுற சீன் வரும்போது யார் சிரிப்பாங்க, யார் ரிமோட்டை எடுப்பாங்க, யார் வாயைத் திறந்து ஏதாவது சொல்லுவாங்க? கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவுக்கு அதைத்தான் எடுக்கப் போறேன்.