பாப்பாவுக்கு வெயில் பேரு வெக்கலாமா, நெருப்பு பேரு வெக்கலாமா? அர்த்தம் பாத்துட்டு வெப்போம்

(ஸ்க்ரீன்ல: மொட்ட மாடி, காலை வெயில், ஆயா மடியில பாப்பா)

வணக்கம் மக்களே. இது தண்டையார்பேட்டைல எங்க வீட்டு மாடி, காலைல ஏழு மணி. ஆயா மடியில இருக்குறது எங்க அக்கா பொண்ணு, பொறந்து ஒரு மாசம் ஆகப்போவுது. குளிப்பாட்டுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் இப்படி இளவெயில்ல வெச்சிட்டு உக்காந்திருக்கும் ஆயா. அப்படி உக்காந்திருக்கும்போதுதான் "இந்த வெயிலு மாதிரியே ஒரு பேரா பாருடா"ன்னு சொல்லுச்சு.

சரின்னு போன எடுத்து தேடினேன். நூறு பேரு, இருநூறு பேருன்னு லிஸ்ட் லிஸ்ட்டா வருது, ஆனா நெறைய எடத்துல அர்த்தம் தப்பு. அனில்னு ஒரு பேரு, பக்கத்துல நெருப்புன்னு போட்டிருக்காங்க. அனில்னா காத்துங்க. அனல்தான் நெருப்பு. ஒரு எழுத்துல வாயு பகவான் அக்னி பகவான் ஆயிட்டாரு.

அதே மாதிரி இளவெயினி. ரொம்ப அழகான பேரு, "இளம் வெயில் போன்றவள்"னு அர்த்தம் எழுதி வெச்சிருக்காங்க. ஆனா அது இள, எயினி, ரெண்டும் சேந்த பேரு, நடுவுல வர்ற "வ்" சேரும்போது வர்ற ஒலி அவ்ளோதான். எயினின்னா எயினர் குலத்துப் பொண்ணு, அதாவது வேட்டையாடுற மக்கள். குறமகள் இளவெயினி, பேய்மகள் இளவெயினின்னு சங்க காலத்துல ரெண்டு புலவர்கள் இருந்திருக்காங்க, ரெண்டு பேருமே பெண்கள். அந்த காரணத்துக்காக வெச்சா இன்னும் பெருமையாதான் இருக்கும், வெயிலுக்காக வெக்காதீங்க. கதகதப்பு வேணும்னா இளவேனில்னு வெக்கலாம், அது சித்திரை வைகாசி, நெஜமாவே வெயில் காலம். துப்பாக்கி சுடுற வீராங்கனை இளவேனில் வாலறிவன் பேர கேட்டிருப்பீங்க.

(ஸ்க்ரீன்ல: காசிமேடு, விடியக்காலைல கடல்ல இருந்து சூரியன் வர்றது)

சூரியனுக்கு நம்ம மொழியில எவ்ளோ பேரு இருக்கு பாருங்க, கதிரவன், ஆதவன், பகலவன், வெய்யோன், எல்லோன், பரிதி. இதுல பரிதிக்கு நம்ம ஏரியா பக்கத்துலயே ஒரு கதை இருக்கு. சூரியநாராயண சாஸ்திரின்னு ஒருத்தர், 1870ல பொறந்தவரு, கிறிஸ்டியன் காலேஜ்ல தமிழ் சொல்லிக் குடுத்தாரு, அந்த காலேஜ் அப்ப தாம்பரத்துல இல்ல, நம்ம பாரிஸ் கார்னர் பக்கம்தான் இருந்துச்சு, 1937லதான் தாம்பரம் போச்சு. அவரு தன் பேரையே துண்டு துண்டா பிரிச்சு தமிழாக்கினாரு. சூரியன் பரிதி ஆச்சு, நாராயணன் மால் ஆச்சு, அதாவது திருமால், சாஸ்திரி கலைஞர் ஆச்சு, சேத்தா பரிதிமாற் கலைஞர். 33 வயசுல, 1903ல போயிட்டாரு. அந்த பேரு மட்டும் அப்படியே ஜொலிச்சிட்டு நிக்குது.

பாஸ்கர், திவாகர், பிரபாகர், தினகர், இதெல்லாம் ஒரே அச்சு, ஒளிய உண்டாக்குறவன், பகல உண்டாக்குறவன். ரவி, பானு, அருண், உஷா எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கார்த்திக்குன்றதும் நெருப்பு பேருதான், சிவனோட நெத்திக் கண்ணுல இருந்து வந்த ஆறு பொறிய கார்த்திகைப் பெண்கள் வளத்ததா கதை, கார்த்திகை நட்சத்திரத்துக்கு தேவதையே அக்னிதான்.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன். எங்க தெருவுல சாம்சன்னு ஒரு அண்ணன் இருக்காரு, ஷம்சுதீன்னு ஒரு பாய் இருக்காரு, ராயபுரம் மண்ணடி பக்கம் எந்த தெருவுக்கு போனாலும் இந்த ரெண்டு பேரும் இருக்கும். சாம்சன் ஹீப்ரு பேரு, "ஷெமெஷ்"னா அந்த மொழியில சூரியன். ஷம்சுதீன்ல இருக்குற "ஷம்ஸ்" அரபியில சூரியன். ரெண்டும் ஒரே வேர்ல இருந்து வந்த வார்த்தைங்க! அப்படியே கூட சேத்துக்கோங்க, நூர்னா ஒளி, சிராஜ்னா விளக்கு, லூசின்றது லத்தீன்ல வெளிச்சத்துக்கான வார்த்தைல இருந்து வந்தது, செராபின்னா ஹீப்ருல எரியுறவங்கன்னு அர்த்தம், தேவதூதர்கள்ல ஒரு வகை.

(ஸ்க்ரீன்ல: திருவொற்றியூர் கோயில், மகிழ மரம்)

ஞாயிறுன்னா நமக்கு கிழமைதான் ஞாபகம் வருது, அது முதல்ல சூரியன். செங்குன்றம் தாண்டி ஞாயிறுன்னே ஒரு ஊரு இருக்கு, அங்க சிவன் கோயில்ல சூரியனுக்கு சன்னதி இருக்கு. சங்கிலி நாச்சியார் அந்த ஊரு பொண்ணுதான். சுந்தரர் திருவொற்றியூர் மகிழ மரத்தடியில "உன்ன விட்டுப் போகமாட்டேன்"னு சத்தியம் பண்ணி அவங்கள கல்யாணம் பண்ணாரு, அப்புறம் திருவாரூர் நெனப்பு வந்து கெளம்பி, ஒற்றியூர் எல்லைய தாண்டினதும் கண்ணு தெரியாம போச்சுன்னு பெரியபுராணம் சொல்லுது. ஞாயிறு ஊரு பொண்ண விட்டுப் போனவருக்கு வெளிச்சமே போயிருக்கு, இத நெனச்சாலே எனக்கு சிலிர்க்கும்.

சரி, எங்க பாப்பாவுக்கு வருவோம். நான் முதல்ல சொன்னது தழல். அக்காவுக்கும் பிடிச்சிருந்துச்சு. ஆனா ஆயா வாயில பழம் பயம்னுதான் வரும், எங்க பக்கத்துல பெரியவங்க நெறைய பேருக்கு ழ யவாத்தான் வரும், "தயலு தயலு"ன்னு ரெண்டு தடவ கூப்ட்டு பாத்துட்டு "எனக்கு வாயில நிக்கலடா"ன்னு சொல்லுச்சு. தெனமும் கூப்புடப் போறது ஆயாதான், அதுக்கு நிக்காத பேரு எதுக்கு. அப்புறம்தான் சுடர்னு முடிவு பண்ணோம். விளக்குல எரியுறதும் சுடர்தான், முச்சுடர்னா சூரியன், நிலா, தீ மூணும். சின்ன பேரு, எங்க இருந்து கூப்ட்டாலும் கேக்கும்.

கடைசியா ஒண்ணு, பேரு முடிவாகலயேன்னு பர்த் சர்ட்டிபிகேட்ட தள்ளிப் போடாதீங்க. பொறந்து 21 நாளுக்குள்ள பிறப்ப பதிவு பண்ணணும், பேரு இல்லாமலே பண்ணலாம். 12 மாசத்துக்குள்ள பேர சேத்தா கட்டணம் இல்ல, அதுக்கப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டி சேக்கலாம். நாங்க அப்படித்தான் பேர் இல்லாம பதிஞ்சு வெச்சிருக்கோம், அடுத்த வாரம் சுடர்னு சேக்கணும்.