பாட்டில் தீந்தா மருந்து தீந்துச்சா? ஆன்டிபயாடிக் சிரப் பத்தி ஒரு தங்கச்சி கேட்ட சந்தேகம்

எல்லாருக்கும் வணக்கம். வீரவநல்லூர்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காவ, வாசிக்கேன். "அண்ணாச்சி, எம் மவனுக்கு நாலு வயசு. காதுல சீழ் வந்து, டாக்டர் அமாக்சிசிலின் கிளாவுலனேட் சிரப் காலையில 5 மில்லி, ராத்திரி 5 மில்லின்னு ஏழு நாளைக்கு எழுதிக் குடுத்தாவ. மூணு நாள்ல பாட்டில் தீந்துபோச்சு, காய்ச்சலும் விட்டுட்டு. இன்னொரு பாட்டில் வாங்கணுமா? வயித்தால வேற ரெண்டு தடவ போவுது. மூத்தவளுக்குச் சளி, அவளுக்கும் இதையே குடுக்கலாமா?"

வாங்கணும் தாயி. கணக்கப் பாருங்க. ஒரு நாளைக்கு 10 மில்லி, ஏழு நாளைக்கு 70 மில்லி. கடையில நமக்குக் கெடைக்க பாட்டில் பெரும்பாலும் 30 மில்லிதான். அப்போ மூணு பாட்டில் வேணும். மருந்துக்கடை கவுன்டர்ல நின்னு நான் அதிகமாப் பாத்த தப்பு இதுதான். பாட்டில் காலியானா கோர்ஸ் முடிஞ்சுட்டுன்னு நெனைச்சுக்கிடுதாவ. டாக்டர் நாளக் கணக்குப் பண்ணி எழுதுதாவ, பாட்டிலக் கணக்குப் பண்ணி இல்ல. காய்ச்சல் விட்டாலும் காதுக்குள்ள கிருமி மிச்சம் இருக்கும். நாளக் கொறைக்கணும்னா அந்த டாக்டர்தான் சொல்லணும்.

அதுக்காக மூணு பாட்டிலையும் ஒரே நாள்ல கலக்கி வச்சிராதிய. இந்த மருந்து பாட்டில்ல பவுடராத்தான் வரும், நாமதான் தண்ணி ஊத்திக் கலக்கணும். பவுடரா இருக்கவரைக்கும் அது மேல போட்ட தேதி வரைக்கும் நிக்கும். தண்ணி பட்டுட்டுன்னா ஃப்ரிட்ஜ்ல வச்சே ஏழு நாள்தான். ஒண்ணு தீந்த பெறவு அடுத்தது. கலக்குன தேதிய லேபிள்ல பேனாவால எழுதிப் போடுங்க.

கலக்குததப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும். மத்த சிரப் மாதிரி இது கிடையாது. கம்பெனிக்காரன் பாதி வேலையத்தான் செஞ்சு அனுப்புதான், மீதிய நம்ம அடுக்களையிலதான் செய்யுதோம். மொதல்ல பாட்டிலத் தட்டி, அடியில ஒட்டுன பவுடர உதிர்த்துவிடுங்க. காய்ச்சி நல்லா ஆறவச்ச தண்ணிய, பாட்டில்ல போட்டிருக்க கோட்டுக்குப் பாதி அளவு ஊத்திக் குலுக்குங்க. நொரை வரும். நொரை அடங்கட்டும், அவசரப்படாதிய. நொரையோட பாத்தா தண்ணி கோட்டத் தொட்ட மாதிரித் தெரியும், ஆனா தொட்டிருக்காது. அடங்கின பெறவு கோடு வரைக்கும் ஊத்தி, இன்னொரு தடவ குலுக்குங்க. சில பாட்டிலோட தண்ணியும் சேத்தே வரும், அப்போ அதையே ஊத்துங்க.

கோட்டுக்குக் கீழ நின்னா மருந்து கூடிப்போவும், மேல போனா கொறைஞ்சுபோவும். கொறைஞ்ச மருந்து என்ன செய்யும்? கிருமி சாவாது, பழகிக்கிடும். பென்சிலினக் கண்டுபிடிச்ச ஃபிளெமிங், 1945-ல நோபல் பரிசு வாங்கினப்பவே இத எச்சரிச்சுட்டுப் போனாரு. நாம இன்னும் கேக்கல. ஒரு அம்மா பிளாஸ்க்ல இருந்த வெந்நியவே ஊத்திட்டு வந்து, "கட்டி கட்டியா நிக்கு"ன்னு எங்கிட்டக் காட்டினாவ. தாமிரபரணித் தண்ணியா இருந்தாலும் சூடா ஊத்தக் கூடாது. இதுல இருக்க கிளாவுலானிக் அமிலத்துக்கு ஈரமும் சூடும் ஆவாது.

அது என்ன அமிலம்னு கேப்பிய. மருந்துப் பேருல வர கிளாவுலனேட்தான் அது. அமாக்சிசிலின்தான் கிருமியக் கொல்லுத ஆளு. சில கிருமி கையில அரிவாள் வச்சிருக்கும், ஒரு என்சைம், அமாக்சிசிலின் வந்ததும் வெட்டிப்போடும். கிளாவுலானிக் அமிலம் போயி அந்த அரிவாள் கையப் பிடிச்சுக்கிடும். திருநெல்வேலிக்காரங்களுக்கு இதுக்கு மேல வெளக்கம் வேணுமா என்ன!

ஃப்ரிட்ஜ்ல கதவுப் பக்கம் வைக்காம உள்தட்டுல வைங்க, ஃப்ரீசர்ல வேண்டாம். கரன்ட் கொஞ்ச நேரம் போனா கதவத் தெறக்காம இருந்தாப் போதும். வீட்டுல ஃப்ரிட்ஜே இல்லையா, டாக்டர்கிட்டக் கூச்சப்படாமச் சொல்லுங்க. தண்ணியில கரைச்சுக் குடுக்க மாத்திரையா எழுதித் தருவாவ. பாட்டில்ல மருந்து பழுப்பா நெறம் மாறியிருந்தாக் குடுக்காதிய.

அளக்கதுக்கு வீட்டுக் கரண்டி வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஒவ்வொரு அளவு. பாட்டிலோட வந்த மூடி, இல்லன்னா ஊசி இல்லாத சிரிஞ்சு. ஒவ்வொரு தடவையும் குலுக்கிட்டுத்தான் அளக்கணும், மருந்து அடியில தங்கிரும்.

இன்னொண்ணு, இது முக்கியம். அடுத்த பாட்டில் வாங்கும்போது பழைய பாட்டிலக் கையோட கொண்டுபோங்க. 5 மில்லியில 228.5 மில்லிகிராம்னு ஒண்ணு வரும், 457-ன்னு ஒண்ணு வரும். பேரு ஒண்ணுதான், அட்டைகூட கிட்டத்தட்ட ஒண்ணு போலத்தான் இருக்கும். மாத்தி வாங்கிட்டா அதே 5 மில்லியில மருந்து ரெண்டு மடங்காயிரும். டாக்டர் பிள்ளையோட எடையப் பாத்துத்தான் அளவு போட்டிருப்பாவ.

வயித்தால போறது இந்த மருந்துல சகஜந்தான். சாப்பாட்டுல முதல் ரெண்டு வாய்க்கு முன்னாடியோ கூடவோ குடுத்துப் பாருங்க, வயிறு அவ்வளவா கலங்காது. ஓ.ஆர்.எஸ். கரைச்சுக் குடுங்க, சாப்பாட்ட நிறுத்தாதிய. ரத்தமாப் போனாலோ, தண்ணியாப் பல தடவ போனாலோ, பிள்ள சோர்ந்து கெடந்தாலோ டாக்டர்கிட்டப் போயிரணும். ஒரு வேளை மறந்துட்டியன்னா ஞாபகம் வந்ததும் குடுங்க, அடுத்த வேளை நெருங்கிட்டுன்னா விட்டுருங்க, ரெண்டையும் சேத்துக் குடுக்கக் கூடாது.

பயப்பட வேண்டியது வேற. மருந்து குடுத்த பெறவு ஒடம்பெல்லாம் தடிச்சு அரிச்சாலோ, உதடு கண்ணு வீங்கினாலோ, மூச்சு எளைச்சாலோ, அடுத்த வேளை குடுக்காம ஒடனே கெளம்புங்க. 108-க்கு அடிங்க. நம்ம பக்கம்னா பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி இருக்கு. இதுவும் பென்சிலின் குடும்பந்தான். முன்ன எப்பவாவது பென்சிலின் ஊசியோ அமாக்சிசிலினோ ஒத்துக்கிடாமப் போயிருந்தா, டாக்டர் எழுததுக்கு முன்னாடியே சொல்லிரணும்.

மூத்தவளுக்கு வேண்டாம் தங்கச்சி. மூக்குல தண்ணியா ஒழுகுத சளி பெரும்பாலும் வைரஸ், அதுகிட்ட இந்த மருந்தோட பருப்பு வேகாது. அவளுக்கு எடை வேற, அளவும் வேற. காய்ச்சலோ காது வலியோ சேந்து வந்தா அவளையே கூட்டிட்டுப் போயி காட்டுங்க. 90 மில்லியில 70 போவ, மூணாவது பாட்டில்ல ஒரு 20 மில்லி மிஞ்சும், அதுதான் ஒங்க மனசுல ஓடுது, எனக்குத் தெரியும். காசு குடுத்து வாங்கினது, மனசு வராது. இருந்தாலும் அடுத்த காய்ச்சலுக்குன்னு ஃப்ரிட்ஜ்ல பத்திரப்படுத்தாதிய. ஏழு நாள் கழிச்சு அதுல பேருதான் மருந்து.

சரி, அடுத்த கேள்வி அம்பாசமுத்திரத்துல இருந்து வந்திருக்கு.