சும்மா ஒரு கையெழுத்து

நேயர்களுக்கு வணக்கம். ‘நீலிக் கண்ணீர் வடிக்காதே’ என்று யாரையாவது திட்டாத வீடு நம் பக்கம் இருக்காது. அந்தக் கண்ணீரை நம்பி எழுபது பேர் வாக்குக் கொடுத்தார்களே, அவர்கள் யாருக்காவது ஞாபகம் வருகிறார்களா? எனக்கு நெடுநாளாக இது ஒரு குறை.

திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காடு. நடராஜரின் இரத்தின சபை உள்ள ஊர். அதை ஒட்டிய பழையனூரில்தான் கதை. சம்பந்தரின் ஆலங்காட்டுத் தேவாரத்திலேயே குறிப்பு இருக்கிறது, அவ்வளவு பழசு. பல விதமாகச் சொல்வார்கள். நான் கேட்டது இப்படி. முற்பிறவியில் கணவன் கையால் செத்த பெண் நீலி என்ற பேயாகி, இப்போது வணிகனாகப் பிறந்திருக்கும் அவனைத் துரத்துகிறாள். அவனிடம் மந்திர வாள் இருப்பதால் நெருங்க முடியவில்லை. கள்ளிக் கொம்பை முறித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர் வேளாளர் எழுபது பேர் முன்னால் போய் அழுகிறாள். ‘என் புருஷன் என்னை விட்டுவிட்டு ஓடுகிறார், ஐயா.’ இது பேய் என்று அவன் கதறுகிறான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுகிறவளைப் பேய் என்றால் யார் நம்புவார், சொல்லுங்கள்?

‘வாளைக் கொடுத்துவிட்டு அவளோடு இரு. உனக்கு ஒன்று ஆனால் எங்கள் எழுபது உயிரும் ஈடு’ என்றார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்.

தீயில் இறங்கியது எனக்கும் சம்மதமில்லை, அது வேறு பேச்சு. ஆனால் கவனியுங்கள். ‘பேய் என்று எங்களுக்கு எப்படித் தெரியும், நாங்களும் ஏமாந்தவர்கள்தானே’ என்று ஒருவர் சொல்லியிருக்கலாம். எழுபதில் ஒருவர்! சொல்லவில்லை.

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். ‘சும்மா ஒரு கையெழுத்துதான் சார்’ என்று ஜாமீன்தாரர்களை அழைத்து வருவார்கள். சும்மா இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவு: வேறு மாதிரி எழுதிக்கொண்டாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஒரு டீக்கடைக்காரர். சிநேகிதன் ஆட்டோ வாங்க ஜாமீன் நின்றார். சிநேகிதன் ஆட்டோவோடு ஊரைவிட்டே போய்விட்டான். இவர் மாதாமாதம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பணம் கொண்டுவருவார். பத்து ரூபாய்த் தாள்கள், ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு டீ வாசனை அடிக்கும். காசாளர் முகம் சுளிப்பார். இவர் உதடு அசையத் தானும் கூடவே எண்ணுவார். ‘அவனைத் தேடிப் பிடிக்கலாமே’ என்று ஒருநாள் கேட்டேன். ‘தேடிக்கிட்டுத்தான் இருக்கேன் சார். ஆனா கையெழுத்து என்னுதுதானே’ என்றார். கடைசித் தவணை கட்டிய அன்று, அந்தப் பத்திரத்தை ஒருதரம் பார்க்கலாமா என்று கேட்டார். காட்டினேன். தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ‘நல்லாத்தான் போட்டிருக்கேன்’ என்று சிரித்துவிட்டுப் போனார்.

அப்புறம், குழந்தைகளிடம் நாம் கொடுக்கும் வாக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நீலி நேரத்தைத் தின்றுவிட்டாள். ஒன்று மட்டும்: பேத்தியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகிறது. இதை அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். வணக்கம்.