மகன் குடிக்கவில்லை, உடன் வந்தவர்கள் குடித்தார்கள்: ஓட்டியவன் மேல் வழக்கு வருமா?

அடுத்த கேள்வி. திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார், படிக்கிறேன். "ஐயா, என் மகனுக்கு 19 வயது. கார் ஓட்ட உரிமம் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. குடிக்கும் பழக்கம் இல்லை. அதனாலேயே நண்பர்கள் புதுச்சேரி போகும்போதெல்லாம் இவனைத்தான் ஓட்டச் சொல்கிறார்கள். திரும்பும்போது அவர்கள் போதையில் இருப்பார்கள், சில நேரம் வண்டிக்குள்ளேயே குடிக்கிறார்களாம். போலீஸ் பிடித்தால் என் மகன் மேல் வழக்கு வருமா?"

அம்மா, குடிக்காத பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் தூக்கம் போகிறது, பாருங்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன். நண்பர்களின் வயிற்றில் இருப்பது உங்கள் மகனைப் பெரிதாகப் பாதிக்காது. வண்டியில் என்ன இருக்கிறது, அந்த நண்பர்களுக்கு என்ன வயது, இந்த இரண்டும்தான் அவனை மாட்டிவிடும்.

முதலில் எல்லோரும் பயப்படுகிற பிரிவைப் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185. அது ஓட்டுகிறவரின் உடம்பை மட்டும்தான் பார்க்கிறது. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பின் இருக்கையில் மூன்று பேர் சரிந்து கிடந்தாலும், வண்டி முழுக்க நெடி அடித்தாலும், மகன் ஊதும்போது கருவி பூஜ்யம் காட்டினால் இந்தப் பிரிவு அவனைத் தொடாது. ஊதச் சொன்னால் ஊதிவிட வேண்டும். "நான்தான் குடிக்கவில்லையே, எதற்கு ஊத வேண்டும்" என்று வீம்பு பிடித்தால், மறுத்ததையே அவனுக்கு எதிராக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீசார் உடன் பயணிப்பவர்களுக்கும் அபராதம் என்று அறிவித்தார்கள், நினைவிருக்கும். அதைக் கேட்டுவிட்டு இன்றைக்கும் பலர் என்னிடம் குழப்பத்தோடு வருகிறார்கள். அது இதற்கு நேர்மாறான கதை. ஓட்டுகிறவர் குடித்திருந்தால், அது தெரிந்தும் ஏறி உட்கார்ந்தவரைக் குற்றத்துக்குத் துணைபோனவராக அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 188-இல் சேர்ப்பதுதான் அந்த நடவடிக்கை. ஆனால் அதே 188 உங்கள் மகனுக்கு வேறொரு வழியாக வரலாம். பாதி வழியில் ஒருவன், "டேய், கொஞ்ச தூரம் நான் ஓட்டுகிறேன், சாவியைக் கொடு" என்பான். கொடுத்தால் தீர்ந்தது. குடித்தவனிடம் வண்டியைக் கொடுத்து உட்கார்ந்து வருவது 185-க்குத் துணைபோவது. அபராதமும் சிறையும் அவனுக்குள்ளதே இவனுக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புதுச்சேரியில் 18 வயது நிரம்பினால் மது வாங்கலாம். தமிழ்நாட்டில் 21. எல்லை தாண்டிக் கோட்டக்குப்பம் வந்துவிட்டால் தமிழ்நாடு. புதுச்சேரியில் காசு கொடுத்து, பில் வாங்கி எடுத்துவந்த பாட்டில், இங்கே மதுவிலக்குச் சட்டத்தின்படி வெளிமாநில மதுக் கடத்தல். மது கொண்டுவருவது குற்றம் என்றால், கொண்டுவந்த வண்டியை ஓட்டியவனை விட்டுவிட்டு வழக்குப் போடுவார்களா?

நான் நடத்திய ஒரு வழக்கைச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். பையன் ஊதினான், பூஜ்யம். காவலர் முதுகில் தட்டிக்கொடுத்து, "நல்ல பிள்ளை, போப்பா" என்றே சொல்லிவிட்டார். போகிற போக்கில் டிக்கியைத் திறக்கச் சொன்னார். ஒரு தோள்பை, அதற்குள் கடலில் குளித்த ஈரத் துண்டு, துண்டுக்குள் ஐந்து பாட்டில். வைத்தது யார் என்று நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வண்டி அப்பாவின் பெயரில் இருந்தது. ஓய்வு பெற்ற வாத்தியார். வண்டியைப் பறிமுதல் செய்யவும் அந்தச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. தமக்குத் தெரியாமல் நடந்தது என்று காட்டும் சுமை உரிமையாளர் தலையில்தான் விழும். அவர் கார் காவல் நிலைய வேப்ப மரத்தடியில் நின்றது. நான் போகும்போதெல்லாம் பார்ப்பேன். முதலில் கண்ணாடி மேல் பூ உதிர்ந்திருந்தது, அப்புறம் பழம் விழுந்து கறை, அப்புறம் நான்கு டயரும் தரையோடு அமுங்கிவிட்டன.

வண்டிக்குள் குடிப்பதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். "கார் எங்கள் சொந்தக் கார், வீடு மாதிரி" என்று பையன்கள் வாதம் செய்வார்கள். பீகார் மதுவிலக்கு வழக்கு ஒன்றில் இதே வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜார்க்கண்டிலிருந்து பாட்னாவுக்குக் காரில் போனவர்களை 2016 ஜூனில் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். வண்டியில் பாட்டில் இல்லை, ஊதியதில் மட்டும் தெரிந்தது. பொதுச் சாலையில் போகும் தனியார் வாகனமும் பொது இடம்தான் என்று 2019 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அது பீகார் சட்டத்தின் வாசகத்தை வைத்துச் சொன்னது, இங்கே அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் "வீடு மாதிரி" என்ற வாதத்தை நம்பிக் கோர்ட்டுக்கு வராதீர்கள். தமிழ்நாட்டிலும் பொது இடத்தில் குடிப்பது குற்றம். அந்த வழக்கு குடித்தவன் மேல்தான் வரும். ஸ்டியரிங் பிடித்திருந்தான் என்பதற்காக மட்டும் மகன் குற்றவாளி ஆகிவிட மாட்டான், ஆனால் சாட்சியாகவாவது படியேற வேண்டியிருக்கும்.

வயது விஷயம் இதைவிடக் கடுமையானது. கூட்டத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறானா என்று இன்று இரவே மகனிடம் கேளுங்கள். 18 நிரம்பாதவர் சட்டப்படி குழந்தை. குழந்தைக்கு மது கொடுத்தால், சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77-இன்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். "நான் குடிக்கவில்லை, பாட்டிலை வாங்கி அவன் கையில் நீட்டினேன், அவ்வளவுதான்" என்றால், அந்த "அவ்வளவுதான்" என்பதற்குத்தான் ஏழு ஆண்டு. உங்கள் மகன் 19 வயதுப் பெரியவன், அம்மா. வீட்டில்தான் அவன் இன்னும் பிள்ளை.

இதைப் பார்க்கிறவர்களில் சிலருக்கு மகனே 17 வயதாக இருக்கலாம். அவன் காரை எடுப்பதே குற்றம், யார் குடித்தார்கள் என்ற கேள்விக்கே போக வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 199ஏ நேராகப் பெற்றோரையோ வண்டி உரிமையாளரையோ பிடிக்கும்: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதம் வண்டிப் பதிவு ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். போதையில் இருப்பவன் சீட் பெல்ட் போட மாட்டான். பெல்ட் போடாதவரை ஏற்றிச் செல்வதற்கு 1,000 ரூபாய் ஓட்டுகிறவனுக்குத்தான். அப்புறம், காரின் காப்பீட்டைப் போய் எடுத்துப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் உள்ளே உட்கார்ந்திருக்கும் நண்பனுக்கு அது உதவாது. அவனுக்கு அடிபட்டால் இழப்பீடு உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். முழுக் காப்பீடு என்றால் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

மகனிடம் வண்டியே ஓட்டாதே என்று நான் சொல்ல மாட்டேன். அவன் ஓட்டாவிட்டால் குடித்த ஒருவன் ஓட்டுவான், அது இன்னும் மோசம். ஒன்று மட்டும் செய்யச் சொல்லுங்கள். புதுச்சேரியில் கிளம்புவதற்கு முன்னால் டிக்கியை அவனே திறந்து, ஒவ்வொரு பையையும் அவனே பிரித்துப் பார்க்கட்டும். இருக்கைக்கு அடியிலும் கையை விட்டுத் துழாவட்டும். நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். மிச்சம் இருப்பதை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வண்டி நகர வேண்டும்.

சரி, அடுத்தது பட்டா பெயர் மாற்றம் பற்றி ஒரு கேள்வி.