பழைய ரயில் பெட்டியும் ஆயிரம் பொன்னும்

(எங்கள் ஊர் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, கொடை வேலை தலைக்கு மேல் கிடக்கும்போதும் நேரம் ஒதுக்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் அண்ணன் அவர்களே, இத்தனை பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இருபது வருடமாக நம் கிளை நூலகத்தை ஒரு கூரைக்குக் கீழே காப்பாற்றி வரும் நூலகர் தங்கச்சி அவர்களே, மைக் செட் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேசப் போகிறேன். ரயில் பெட்டி எப்படிப் பிறந்தது, அதில் கூரையும் விளக்கும் எப்படி வந்தன, வயதான பெட்டி என்ன ஆகிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நம் ஆட்கள் சொல்லி வைத்தார்களே, அது யானையை விட ரயில் பெட்டிக்குத்தான் சரியாகப் பொருந்தும் என்று நான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1830 செப்டம்பரில் லிவர்பூல் - மான்செஸ்டர் பாதை திறந்தபோது, பயணிகள் பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் குதிரை வண்டி. அதனால் மூன்று குதிரைக் கோச்சுகளை ஒட்டி வைத்தது மாதிரி ஒரே சட்டத்தில் கட்டி, கீழே இரும்புச் சக்கரம் கொடுத்தார்கள், அதுதான் முதல் வகுப்பு. மூட்டை முடிச்செல்லாம் கூரை மேல். ஆக, முதல் ரயில் பெட்டியே ஒரு மாற்று வேலைதான். நம் ஊர்க் கதையும் அதுதான். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போன முதல் ரயிலுக்குப் பெட்டி கட்டியது மதராஸ் சிம்ப்சன் கம்பெனி, அதுவரை குதிரைக் கோச்சு செய்துகொண்டிருந்தவர்கள். அந்த ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் இன்றும் நிற்கிறது, பிள்ளைகள் சென்னை போனால் அவசியம் பார்க்க வேண்டும்.

ஏழைகளுக்கு என்ன கிடைத்தது? கூரை இல்லாத, சரக்கு வண்டி மாதிரியான தொட்டி. 1841இல், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், லண்டனிலிருந்து பிரிஸ்டல் போன சரக்கு ரயிலில் இப்படிப்பட்ட திறந்த பெட்டிகளை எஞ்சினுக்கும் சரக்குக்கும் நடுவில் மாட்டியிருந்தார்கள். சோனிங் என்ற இடத்தில் மண் சரிந்து ரயில் மோதியது. பின்னால் இருந்த சரக்கு வண்டிகள் நெருக்கி நசுக்க, எட்டுப் பேர் அங்கேயே செத்தார்கள், ஒருவர் அப்புறம். பலர் லண்டனில் நாடாளுமன்றக் கட்டட வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய கொத்தனார்கள். 1844இல்தான் சட்டம் வந்தது: மூன்றாம் வகுப்புக்கும் உட்கார இடம் வேண்டும், மழைக்கு மறைப்பு வேண்டும், மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்கக் கூடாது. தலைக்கு மேல் ஒரு கூரை வருவதற்கு அத்தனை உயிர் போக வேண்டியிருந்தது.

விளக்கு இன்னொரு பாடு. சாயங்காலம் ஆனால் போர்ட்டர்கள் பெட்டிகளின் கூரை மேலேயே நடந்துபோய், கூரையில் இருக்கும் வட்ட ஓட்டைக்குள் எண்ணெய் விளக்கை இறக்கி வைப்பார்கள். அந்த வட்ட ஓட்டையைப் பற்றி எனக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

1974இல் நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கரண்ட் கிடையாது. ஸ்டேஷனுக்கு மேற்கே, சக்கரமும் சட்டமும் கழற்றிய ஒரு பழைய மரப்பெட்டியைச் சிலிப்பர் கட்டைகள் மேல் தூக்கி வைத்திருந்தார்கள், தண்டவாளம் பராமரிக்கும் கேங் ஆட்கள் தங்குவதற்கு. தேக்குப் பலகை. சன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்க ஒரு தோல் வார், அதில் பெல்ட் மாதிரி ஓட்டைகள், மாட்டுவதற்குப் பித்தளைக் குமிழ். கதவில் பெயிண்ட் உரிந்த இடத்தில் மூன்று கோடு தெரியும், மூன்றாம் வகுப்பு. கூரையில் பழைய விளக்கு ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்து, அது வழியாகவே ஒயரை இறக்கி நாற்பது வாட்ஸ் பல்பு ஒன்று தொங்கவிட்டிருந்தார்கள்.

கேங் மேஸ்திரி ஒருநாள் எங்களைப் பிளாட்பார விளக்கடியில் பார்த்தார். "கொசுக்கடியில ஏன்டா கிடக்கீங்க, உள்ள வாங்க. ஒன்பது நாற்பது வண்டி போனதும் நான் படுக்கணும், அதுவரைக்கும் படிங்க" என்றார். நாங்கள் மூன்று பேர். ஐப்பசி மழையில் அந்தத் தகர ஒட்டு ஒழுகி, என் புவியியல் புத்தகத்தில் ஆப்பிரிக்கா முழுக்க நனைந்துவிட்டது. மேஸ்திரி எழுந்து தன் அலுமினியத் தட்டைக் கொண்டுவந்து சொட்டு விழும் இடத்தில் வைத்துவிட்டு, அவர் சோற்றை வாழை இலையில் போட்டுச் சாப்பிட்டார். மூன்று பேரும் பாஸ். மற்ற இருவரில் ஒருவர் இதே அரங்கில்தான் இருக்கிறார், அவருக்கே தெரியும், நான் கை தூக்கச் சொல்லவில்லை. சில வருடம் கழித்து நான் வேலை கிடைத்து ஊருக்கு வந்தபோது, அந்தப் பெட்டியை ஏலத்தில் எடுத்தவர்கள் கடப்பாரையால் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தோல் வார் ஒன்று மண்ணில் கிடந்தது. எடுத்துவந்தேன், இதோ, பிள்ளைகள் அப்புறம் வந்து தொட்டுப் பாருங்கள்.

உலகத்தில் பெட்டியை இப்படி உடைத்துத் தள்ளாதவர்களும் இருக்கிறார்கள். 1892 மே மாதம் இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி தன் ஏழடி அகலப் பாதையைக் கைவிட்டபோது, ஸ்விண்டனில் பதினைந்து மைல் நீளத்துக்குத் தற்காலிகத் தண்டவாளம் போட்டு வண்டிகளை வரிசையாக நிறுத்தினார்கள். பல பெட்டிகளை, பின்னால் மாற்ற வேண்டிவரும் என்று தெரிந்தே கட்டியிருந்தார்கள், உடலைத் தூக்கிக் குறுகிய சட்டத்தில் வைத்தால் போதும். 1933இல் இன்னொரு கம்பெனி பழைய பெட்டிகளைக் கடலோரத்தில் நிறுத்தி, குடும்பங்கள் விடுமுறைக்குத் தங்க வாடகைக்கு விட்டது. செல்சி என்ற ஊரில் பழைய பெட்டிகளே வீடாகிவிட்டன. யானை இறந்தாலும் ஆயிரம் பொன்!

நம் ரயில்வேக்கும் இது தெரியாதது இல்லை. வயதான பெட்டியின் இருக்கைகளைப் பிடுங்கி, சன்னலைத் தகடு வைத்து அடைத்து, கடைசியில் கதவு வைத்து, கார் ஏற்றும் வண்டி ஆக்குகிறார்கள். 2020 கொரோனாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளில் நடு பர்த்தைக் கழற்றி நோயாளிகளுக்கு வார்டு ஆக்கினார்கள். காருக்கும் காய்ச்சலுக்கும் பெட்டி மாறுகிறது என்றால் புத்தகத்துக்கு மாறாதா?

நம் ஸ்டேஷனில் தண்டவாளம் முடிகிற டெட் எண்டில், இனி ஓடாது என்று கண்டம் பண்ணிய மீட்டர்கேஜ் பெட்டி, அதாவது பழைய குறுகிய பாதைப் பெட்டி, ஒன்று நிற்கிறது. அகலப்பாதை வந்ததால் அதை ஓட்டிப்போக வழியில்லை. நூலகர் தங்கச்சியின் கட்டடத்தில் மழை பெய்தால் புத்தகத்தை மேசைக்கு மேல் அடுக்கும் நிலை. அந்தப் பெட்டியை ஏலம் போடாமல் வாசிப்பு அறையாகக் கொடுங்கள் என்று மூன்று மனு போட்டோம், பதில் வரவில்லை. இது நான்காவது. தலைவர் அம்மா, பேரூராட்சித் தீர்மானம் ஒன்று கூட வந்தால் வேறு மாதிரி பார்ப்பார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அண்ணன், எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும், எழுதித் தாருங்கள்.

நேரம் முடிந்தது என்று சீட்டு வந்துவிட்டது. மனு வாசல் மேசையில் இருக்கிறது, இதுவரை நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. பிள்ளைகள் கையெழுத்து செல்லாது, அதனால் வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவைக் கூட்டி வாருங்கள். ஒன்பது மணி வரை நான் அங்கேயே இருப்பேன்.