கலுங்கைத் தாண்டினால் கடல்

(காரைக்குடியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆச்சிமார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

2022-இல் நடுவணரசு 'ஸ்வச் சாகர், சுரக்‌ஷித் சாகர்' என்ற கடலோரத் துப்புரவு இயக்கத்தை 75 நாள் நடத்தியது. கடலைப் பற்றிய அக்கறை நாடு முழுக்கப் பரவ அது உதவியது. ஆனால் நம்மூரில் பலருக்கு அது கடலோரத்துக்காரர் பாடாகவே தோன்றியது. அது சரியல்ல. ஐப்பசி, கார்த்திகையில் நம் கண்மாய்கள் நிறைந்து, மிகுநீர் வழியும் கலுங்கைத் தாண்டி மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கிழக்கே பாக் விரிகுடாவை நோக்கித்தான் ஓடுகிறது. தொண்டிக் கரை இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான்.

அந்தக் கடல் ஆழமில்லாதது. அதனால்தான் அங்கே கடற்புல் செழிக்கிறது, அதை மேய ஆவுளியா என்கிற கடல்பசு வருகிறது. ஒரு கடல்பசு நாளைக்கு 30 முதல் 40 கிலோ புல் தின்னும். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான், அடுத்த ஈற்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடல்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது.

அறிவித்தால் மட்டும் புல் வளர்ந்துவிடாது. அதற்கு வெயில் வேண்டும். நீர் கலங்கினாலோ, பிளாஸ்டிக் தாள் மேலே படிந்தாலோ அடியிலுள்ள புல் கருகும். அழிந்த இடத்தில் மறுபடி நட, மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, வேரோடு எடுத்த புல்லை அதில் முடிந்து தரையில் பதிக்கிறார்கள். சட்டமும் கயிறும் தாமே மக்கிப்போகும். அலை சட்டத்தைப் பெயர்த்தாலும், கலங்கல் தெளியாவிட்டாலும் நட்டதெல்லாம் வீண். எனவே, இருக்கிற புல்லைக் காப்பதே மேல்.

நாம் செய்யக்கூடியது, ஊருக்குள்ளிருந்து கண்மாய்க்கு வரும் வாய்க்காலில் குப்பைத் தடுப்பு. பொடிக்கண் வலை கட்டாதீர்கள். இலைதழை அடைத்து, தண்ணீர் ஏறித் தெருவுக்குள் புகும், யாராவது வலையை அறுத்துவிடுவார்கள். கை நுழையும் அளவு கண்ணுள்ள வலையை மூங்கில் முளைகளில் கட்டுங்கள். வாய்க்காலுக்குக் குறுக்கே நேராக வேண்டாம், சாய்வாக இருக்கட்டும். அப்போதுதான் குப்பை ஒரு கரைக்கு ஒதுங்கும், அள்ளவும் எளிது. கலுங்கிலேயே கட்டுவது ஆபத்து. அங்கே அடைத்தால் கரை உடையும்.

விசேஷ வீடுகளில் பந்தி மேசைக்கு விரிக்கும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. வாழையிலையும் எவர்சில்வர் தம்ளரும் இருக்கும் ஊரில் அவை எதற்கு?

ஆச்சிமார்களுக்கு ஒரு வார்த்தை. நண்டு வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். அடிவயிற்று மடல் அகலமாக வளைந்திருந்தால் பெண், ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண். மடலுக்கு வெளியே பஞ்சுபோல் முட்டை ஒட்டியிருந்தால் அது சினை நண்டு. முட்டை முதலில் மஞ்சளாக இருக்கும், பிறகு பழுப்பாகும், பொரிக்கப் போகும்போது கருக்கும். நீலக்கால் நண்டு ஒன்றில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். மீன்காரரிடம் "சினை நண்டு வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். வாங்க ஆளில்லாவிட்டால், வலையிலேயே கழற்றிக் கடலில் விடுவதில் மீனவருக்கு நட்டமில்லை.

உலகக் கடலோரத் துப்புரவு நாள் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை. அடைமழைக்கு முந்தைய நாள்கள் என்பதால் நமக்கு மிகப் பொருத்தம். அன்று தொண்டிக்குப் பேருந்து பிடிக்க வேண்டாம், அவரவர் ஊர் வரத்துக் கால்வாயில் இறங்குங்கள். கையுறை, சாக்கு, வாங்கரிவாள் போதும். கண்ணாடிச் சில்லுக்குத் தனி வாளி வையுங்கள். அள்ளியதைக் கரையில் குவித்துவிட்டு வராதீர்கள், எரிக்கவும் கூடாது. நகராட்சி, ஊராட்சி வண்டிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்து அன்றைக்கே ஏற்றிவிடுங்கள். கரையில் கிடந்தால் முதல் மழையே அதைத் திரும்பவும் வாய்க்காலில் தள்ளிவிடும்.