ஒன்பதாம் பலகை

நேயர்களுக்கு வணக்கம். ரோமன் எண்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டபோது முதலில் தயங்கினேன். பாளையங்கோட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவளுக்குக் கரும்பலகை இல்லாமல் வாய் வராது. எழுதிக் காட்ட முடியாத இடத்தில் எண்ணைப் பற்றி என்ன பேசுவது? அப்புறம் ஒரு வழி தோன்றியது. உங்கள் அடுப்படியில் தீப்பெட்டி இருக்கும். அநேகமாகக் கோவில்பட்டியிலோ சாத்தூரிலோ செய்ததாக இருக்கும். அதிலிருந்து பத்துக் குச்சியை எடுத்துத் தரையில் போட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் மருந்தைக் கிள்ளிவிட்டுக் கொடுங்கள்.

ஒரு குச்சியை நட்டமாக வையுங்கள். அது ஒன்று, இங்கிலீஷில் ஐ என்ற எழுத்து. இரண்டு குச்சியை அடியில் முட்டவிட்டு மேலே விரித்தால் ஐந்து, அது வி. இரண்டைக் குறுக்கும் மறுக்குமாகப் போட்டால் பத்து, அது எக்ஸ். நட்டமாக ஒன்றை வைத்து, அதன் காலடியில் வலப்பக்கம் இன்னொன்றைப் படுக்க வைத்தால் ஐம்பது, அது எல். நூறுக்கு சி, ஐநூறுக்கு டி. இவை இரண்டும் வளைவுள்ளவை, குச்சி வளையாது, மனசில் போட்டுக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்கு எம், நாலு குச்சி. மொத்தம் ஏழே எழுத்து. பூஜ்யம் கிடையாது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை. திருநெல்வேலி டவுனில், மேல ரத வீதியில், தாத்தாவின் பலசரக்குக் கடை. ஷட்டர் வராத காலம். வாசலின் மேல் சட்டத்திலும் கீழ்ச் சட்டத்திலும் காடி வெட்டியிருக்கும். ராத்திரி கடை அடைக்கும்போது பலகைகளை ஒரு ஓரமாக உள்ளே செருகி, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். மொத்தம் பன்னிரண்டு பலகை. கடைசிப் பலகைக்குக் குறுக்கே இரும்புப் பட்டை, அதற்கு ஒரு பூட்டு. பார்த்தால் எல்லாப் பலகையும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் இடம் மாற்றிப் போட்டால் சிக்கும். அதனால் ஒவ்வொன்றின் உள்பக்கமும் ஆசாரி உளியால் எண் வெட்டியிருந்தார்.

உளிக்கு நேர்க்கோடுதான் வசதி. 3, 8 என்று வளைத்து வெட்டப் போனால் மரம் சில்லுச் சில்லாகப் பெயரும். கடைச் சுவரில் ஒரு பெண்டுலக் கடிகாரம். அதில் பன்னிரண்டு ரோமன் எண்கள், எல்லாம் கோடுகள். பலகையும் பன்னிரண்டு. ஆசாரி கடிகாரத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே வெட்டி முடித்துவிட்டார் என்று தாத்தா சொல்வார். அதற்குச் சாட்சி ஆறாம் பலகை. அதில் எண் தலைகீழாக இருந்தது. கடிகாரத்தில் ஆறு அடியில் இருப்பதால் தலைகீழாகத்தானே நிற்கும்? கண்டதைக் கண்டபடியே வெட்டிவிட்டார் மனுஷன்.

ஒரு ஆனித் தேரோட்டத்தன்று தேர் தெற்கு ரத வீதியைத் தாண்டி எங்கள் வீதிக்குத் திரும்பப் போகிறது என்று சத்தம் கேட்டது. கடைப் பையனும் நானும் அவசரமாகப் பலகை எடுத்துக் கொடுக்கிறோம், தாத்தா செருகுகிறார். எட்டு போட்டாயிற்று. நான் சுவரோரம் சாய்த்திருந்த பலகைகளைப் பார்த்தேன். ஒன்றில் கோடு, பக்கத்தில் எக்ஸ். ஒன்பது. எடுத்துக் கொடுத்தேன். பாதி போய் நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. பக்கத்துக் கடை அண்ணாச்சி கொட்டாப்புளியோடு ஓடி வந்தார். தேர் வந்துவிட்டது. எங்கள் கடை மட்டும் பொக்கை வாய் மாதிரித் திறந்து கிடந்தது.

"ஏட்டி, ஒம்பதுக்கும் பதினொண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு?"

"ஒம்பதுன்னுதான் தாத்தா போட்டிருக்கு."

தாத்தா குனிந்து பார்த்தார். பலகையை எட்டி, தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது உங்கள் குச்சிகளுக்கு வருவோம். இடப்பக்கம் நட்டமாக ஒரு குச்சி, அதற்கு வலப்பக்கம் குறுக்காக இரண்டு. இது ஒன்பது. எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து பாருங்கள். குச்சி அசையவில்லை, ஆனால் பதினொன்று ஆகிவிட்டது. நான் தூக்கிக் கொடுத்தது தலைகீழாகச் சாய்த்து வைத்திருந்த பதினோராம் பலகை. மறுநாளே ஆசாரி வந்து இரண்டு பலகையிலும் தலைப்பக்கம் ஒரு பொட்டு வெட்டிவிட்டுப் போனார். வெளிநாட்டுத் தச்சர்களும் மரச்சட்டங்களில் உளியால் இதே மாதிரி எண் வெட்டியிருக்கிறார்கள். இந்தக் குழப்பத்துக்குப் பயந்தே அவர்களில் பலர் ஒன்பதை வி போட்டு நாலு கோடாக வெட்டுவார்களாம். அதைப் பின்னாளில் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ரோமன் எண்ணின் சூட்சுமம் முழுவதும் அந்தப் பலகையில் இருக்கிறது. பெரிய எழுத்துக்குப் பின்னால் சின்னது வந்தால் கூட்டு. முன்னால் வந்தால் கழி. எக்ஸ் ஐ பதினொன்று, ஐ எக்ஸ் ஒன்பது. எக்ஸ் சி தொண்ணூறு, சி எம் தொள்ளாயிரம். யார் வேண்டுமானாலும் யாருக்கும் முன்னால் போய் நின்றுவிட முடியாது. ஐ என்பது வி, எக்ஸ் இரண்டுக்கு முன்னால் மட்டும் நிற்கும். எக்ஸ் என்பது எல், சி இரண்டுக்கு முன்னால் மட்டும். சி என்பது டி, எம் இரண்டுக்கு முன்னால் மட்டும். அதனால் தொண்ணூற்றொன்பதைக் குறுக்குவழியில் ஐ சி என்று எழுதக் கூடாது. தொண்ணூறைத் தனியாக, ஒன்பதைத் தனியாக, எக்ஸ் சி ஐ எக்ஸ் என்றுதான் எழுத வேண்டும். ஒரே எழுத்து மூன்று தடவைக்கு மேல் அடுத்தடுத்து வராது. வி, எல், டி மூன்றும் இரட்டிப்பதே இல்லை. இரண்டு ஐந்து வந்தால் பத்துக்குத்தான் எழுத்து இருக்கிறதே.

இந்தக் கழிக்கிற விஷயத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். முன்னால் நின்றால் எதற்காகக் குறைக்க வேண்டும் என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: "ஒன்பதுக்குள்ளே எந்த எண் ஒளிந்திருக்கிறது?" கொஞ்ச நேரம் முழிப்பார்கள். பிறகு ஒருத்தி சொல்லிவிடுவாள்: பத்து. தொண்ணூறுக்குள்ளே? நூறு. தொள்ளாயிரத்துக்குள்ளே? ஆயிரம். எண்பதுக்கு அடுத்தது ஒன்பது பத்து என்ற கணக்கில் வராமல், நூறைக் கையில் பிடித்துக்கொண்டு தொண்ணூறு என்கிறோம். எண்ணூறுக்கு அடுத்தது ஆயிரத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரோமன்காரர்கள் எழுத்தில் செய்வதை நாம் நாக்கில் செய்துகொண்டே இருக்கிறோம். தொல்காப்பியத்திலேயே தொண்ணூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் புணர்ச்சி விதி உண்டு. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் ஒன்பதுக்குள் இருக்கும் பத்தைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார். முன்னால் நிற்கும் 'தொள்' என்பது குறைவைக் குறிக்கிறதா, ஒன்பதுக்குப் பழைய பெயரான 'தொண்டு'தானா என்பதைப் பண்டிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பின்னால் நிற்கும் நூறும் ஆயிரமும் கண்ணுக்குத் தெரிகின்றன. எனக்கு வகுப்பறையில் அது போதுமாக இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், நம் பழைய தமிழ் எண்ணெழுத்து கழிப்பதே இல்லை. அங்கே பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி உண்டு: ௰, ௱, ௲. ரோமன் மாதிரியே அந்த முறைக்கும் பூஜ்யம் தேவைப்படாது. ஆனால் தொண்ணூறு எழுத வேண்டுமானால் ஒன்பதை எழுதிப் பக்கத்தில் பத்துக் குறியைப் போடுவார்கள், ௯௰. வாய் தொண்ணூறு என்று நூறைத் தேடும், கை ஒன்பது பத்து என்று பெருக்கும். ரோமன்காரர்கள் கதை இதற்கு நேர் எதிர். தொண்ணூறை அவர்கள் வாய் ஒன்பதை வைத்துச் சொல்லும், கை நூறில் பத்தைக் கழிக்கும். பதினெட்டில் மறுபடியும் மாறும். லத்தீனில் அதற்கு 'இருபதுக்கு இரண்டு குறைய' என்று பெயர், எழுதுவதோ பெரும்பாலும் பத்து, ஐந்து, மூன்று கோடு என்று கூட்டல் கணக்கில். எழுத்தும் நாக்கும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்த ஊரிலும் சட்டம் இல்லை போலிருக்கிறது.

சரி, ஒரு வருஷத்தை வாசித்துப் பார்ப்போம். எம் டி சி சி எக்ஸ் சி. எம் ஆயிரம். டி சி சி எழுநூறு. எக்ஸ் சி தொண்ணூறு. 1790. கம்பெனிக்காரர்கள் திருநெல்வேலியை ஒரு மாவட்டமாக அமைத்த வருஷம். அதையே தமிழ்க் குறியில் எழுதினால் ௲௭௱௯௰. இன்னொன்று, எம் டி சி சி சி எக்ஸ் எக்ஸ் வி ஐ. 1826, பாளையங்கோட்டை ஊசிக் கோபுரத் தேவாலயத்தின் வருஷம். அடுத்தது கொஞ்சம் நீளம்: எம், சி எம், எல் எக்ஸ் எக்ஸ் எக்ஸ், வி ஐ. ஆயிரம், தொள்ளாயிரம், எண்பது, ஆறு. 1986, தூத்துக்குடி தனி மாவட்டமான வருஷம். தென்காசி பிரிந்த 2019ஐ நீங்களே வைத்துப் பாருங்கள். அதில் வளைவே கிடையாது, இன்னும் மூன்று குச்சி எடுத்துக்கொண்டால் போதும். எம் இரண்டு, அப்புறம் பத்து, அப்புறம் நம் ஒன்பதாம் பலகை. பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்துக்கு, நாம் வாயால் சொல்லும் அதே வரிசையில் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டால் எந்தக் கல்வெட்டையும் வாசித்துவிடலாம்.

ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் வெள்ளி ரூபாய் சில இருந்தன. ஒன்றில் ஜார்ஜ் வி என்று இருக்கும், இன்னொன்றில் ஜார்ஜ் வி.ஐ. நான் அதை இனிஷியல் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்பாவுக்கு ஒரு எழுத்து, மகனுக்கு இரண்டு எழுத்து, ராஜா வீடு என்றால் அப்படித்தான் போலும்! ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் என்று வரலாற்று டீச்சர் சொன்ன அன்றுதான் விளங்கியது. இப்போதும் அரசியல் சட்டத்தைத் திறந்தால் இதே எண்கள்தான். அடிப்படை உரிமைகள் மூன்று கோடு போட்ட மூன்றாம் பகுதி. நம் ஊராட்சிகள் ஐ எக்ஸ், ஒன்பதாம் பகுதி. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தால் எக்ஸ் ஐ. பதினோராம் பகுதி மத்திய மாநில உறவுகள்!

விதிகளைச் சொன்னேன் அல்லவா? அவற்றை வைத்து நான் செய்த ஒரு அநியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பையன் பரீட்சையில் நாலுக்கு நாலு கோடு போட்டிருந்தான். சிவப்பு மையால் அடித்துவிட்டேன். விடைத்தாள் கொடுத்த அன்று அவன் எழுந்து, வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில் தொங்கிய கடிகாரத்தைக் கை காட்டினான். "டீச்சர், அங்க பாருங்க." நாலு கோடு. வகுப்பே சிரித்தது. அப்போதைக்கு அரை மார்க் போட்டுச் சமாளித்தேன். கடிகாரத்தில் ஏன் அப்படி என்பதற்குப் பல காரணம் சொல்வார்கள். அடியில் சாய்ந்து கிடக்கும்போது ஐ வி-யும் வி ஐ-யும் குழம்பும் என்பது ஒன்று. இன்னொன்று எனக்குப் பிடித்தது. நாலு கோடு போட்டால் முதல் நாலு மணிக்கு வெறும் கோடு, நடு நாலுக்கு வி, கடைசி நாலுக்கு எக்ஸ் என்று முகம் மூன்று சம பங்காகப் பிரிந்துவிடும். எண்ணிப் பாருங்கள், இருபது கோடு, நாலு வி, நாலு எக்ஸ்.

அந்தப் பையனுக்கு முழு மார்க்கே போட்டிருக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. ரோம் நகரத்துக் கொலோசியத்தில் வாசல்களுக்கு எண் வெட்டியிருக்கிறார்கள், இன்றைக்கும் பார்க்கலாம். நாற்பத்து நாலாம் வாசலில் எக்ஸ் எல் போட்டு, பக்கத்தில் நாலு கோடு. நாற்பதைக் கழித்தும் நாலைக் கூட்டியும் ஒரே எண்ணுக்குள் எழுதியிருக்கிறார்கள்! லண்டனில் அட்மிரால்டி வளைவில் 1910ஐ எம், டி போட்டு நாலு சி, ஒரு எக்ஸ் என்று வெட்டியிருக்கிறார்கள். இன்று புத்தகத்தில் இருக்கிற கறாரான விதியெல்லாம் பின்னால் வந்த வாத்தியார்கள் போட்டது. நானும் அந்த ஜாதிதான், என்ன செய்ய.

பெரிய தொகைக்கு அவர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். எழுத்தின் தலைமேல் கோடு போட்டால் ஆயிரம் மடங்கு. தலையிலும் இரண்டு பக்கத்திலும் கோடு போட்டுப் பெட்டி மாதிரி மூடினால் லட்சம் மடங்கு. இந்தியச் சரக்குக்காக வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு போகிறது என்று அந்தக் கால ரோமன் எழுத்தாளர் பிளினி புலம்பினார். அந்தச் சரக்கில் நம் கொற்கைக் கடல் முத்தும் உண்டு. அத்தனை காசையும் எழுத ஒரே ஒரு டி-யைப் பெட்டிக்குள் வைத்தால் போதும், ஐநூறு லட்சம்.

ஆனால் இந்த எழுத்தை வைத்துப் பெருக்குவது பெரும்பாடு. கணக்கை மணிச்சட்டத்திலோ காய் நகர்த்தியோ போட்டுவிட்டு, விடையை மட்டும் எழுதிக்கொள்வார்கள். 1202இல் இத்தாலியில் ஃபிபனாச்சி என்ற கணக்கு அறிஞர் நம் நாட்டு இலக்கங்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1299இல் பிளாரன்ஸ் நகரத்து நாணய மாற்றுக்காரர் சங்கம் கணக்கேட்டில் அந்தப் புது இலக்கங்களை எழுதக் கூடாது என்று தடை போட்டது. பூஜ்யத்தில் ஒரு வாலை இழுத்துவிட்டால் ஆறோ ஒன்பதோ ஆகிவிடும் என்ற பயம் என்கிறார்கள். பயம் நியாயமானதுதான், ஆனால் தடை நிற்கவில்லை.

தாத்தாவுக்குப் பின் கடைக்கு ஷட்டர் வந்தது. பலகைகளைப் பங்கு வைத்ததில் எனக்கு ஒன்று கிடைத்தது. பொட்டு வெட்டிய தலைப்பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டதால் அந்த முனையை அறுத்து, மிச்சத்துக்குக் கால் அடித்து, திண்ணையில் பெஞ்சாகப் போட்டிருக்கிறேன். உளி வெட்டு மேலே தெரிகிற மாதிரித்தான் போட்டிருக்கிறது. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் அதன்மேல் ஏறி உட்கார்ந்து இது ஒன்பதா பதினொன்றா என்று சண்டை போடுவார்கள். தெருப்பக்கம் இருப்பவன் ஒன்பது என்பான், வீட்டுப்பக்கம் இருப்பவள் பதினொன்று என்பாள். எனக்கும் தெரியாது. தாத்தா இருந்தால் ஒன்பதாம் இடத்தில் செருகிப் பார்த்துச் சொல்லியிருப்பார். வணக்கம்.